மறுபடியும் ஒரு மறு

மறு என்ற சொல்லைத் தமிழுக்குத் தந்தவர்களுக்கு மனிதத் தோலைப் பற்றி நல்ல அனுபவம் இருந்திருக்க வேண்டும். உடம்பில் உள்ள கரும்புள்ளிக்கும் மறு என்று பெயர். திரும்ப நடப்பதைக் குறிக்கவும் மறு என்றே சொல்கிறோம். மறுபிறப்பு, மறுதேர்தல், மறுதவணை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். தாடையில் இருந்த ஒரு மறுவை வெட்டி எடுத்து, ஐந்தே மாதத்தில் அதே இடத்தில் அது மறுபடி தலைகாட்டியதைக் கண்ணாடியில் பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பெயர்ப் பொருத்தத்தில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

மச்சம் என்றும் எழுதலாம். ஆனால் யாழ்ப்பாணத்தவர்கள் மத்தியில் அதில் ஓர் இடைஞ்சல் உண்டு. எங்கள் ஊரில் மச்சம் என்றால் மீனும் இறைச்சியும். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, மச்சம் இல்லை" என்பது அடுப்படி வழக்கு. வெள்ளிக்கிழமையன்று மச்சம் வெட்டினேன் என்று நான் எழுதினால், ஊரவர்கள் என் பக்தியைச் சந்தேகிப்பார்கள். எனவே மறு என்றே வைத்துக்கொள்கிறேன். திருமால் மார்பில் இருப்பதும் மறுதான். திருமறுமார்பன் என்று அவருக்குப் பெயர். பாலுண்ணியும் மருவும் வேறு. அவை வைரசால் வருபவை. அவையும் போய்த் திரும்ப வரும், ஆனால் அந்தக் கதை வேறு.

பத்திரிகை அலுவலகத்தில் 'காணவில்லை' அறிவித்தல்கள் பலவற்றைச் செப்பனிட்டவன் நான். பெயர், வயது, உயரம், இறுதியாக அணிந்திருந்த உடை, பிறகு அடையாளம். 1980களிலும் 1990களிலும் அந்த அறிவித்தல்கள் எப்படிப் பெருகின என்பதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. தாய்மார் நேரில் வந்து நின்று சொல்வார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். மகனுடைய உயரம் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. சட்டையின் நிறத்தில் தடுமாறுவார்கள். மறு இருந்த இடத்தில் மட்டும் தடுமாற்றம் இராது. வலது தோளின் பின்புறம், இடது புருவத்துக்கு மேல், நாரியில் இரண்டு அடுத்தடுத்து. குளிப்பாட்டிய கை மறக்காது. தாடி வளரலாம், உடல் மெலியலாம், மறு மாறாது என்ற நம்பிக்கையில் அந்த வரி ஒவ்வோர் அறிவித்தலிலும் இடம்பெற்றது.

மருத்துவம் அந்த நம்பிக்கைக்கு முழுச் சம்மதம் தருவதில்லை. பிறக்கும்போதே மறுவோடு பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். மற்றவை பிள்ளைப் பருவத்திலும் வாலிபத்திலும் தோன்றுகின்றன. 40 வயதை ஒட்டிப் புதியவை தோன்றுவது அடங்கிவிடும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருளை உண்டாக்கும் கலங்கள், பரவி இருக்காமல் ஓரிடத்தில் கூடு கட்டிக்கொள்வதுதான் மறு. தொடக்கத்தில் அந்தக் கூடு மேற்றோலின் அடிவரியில் இருக்கும். அப்போது மறு தட்டையாகவும் கறுப்பாகவும் தெரியும். வருடங்கள் செல்லச் செல்லக் கலங்கள் உட்தோலுக்குள் இறங்கும். மறு மேலெழுந்து நிற்கும், நிறம் வெளிறும், முதுமையில் சில மறைந்தும் போகும். ஆகவே மறு மாறுவது நோயல்ல. எப்படி மாறுகிறது, எந்த வயதில் மாறுகிறது, எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதில்தான் விடயம் இருக்கிறது.

என் மறு இடது தாடை விளிம்பில் இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் தட்டையான கபிலப் புள்ளி. 50 வயதைத் தாண்டியபோது ஒரு மிளகின் பருமனுக்கு எழும்பி, நிறம் குறைந்து, சவர அலகுக்கு வழிமறித்து நின்றது. வாரத்தில் இரண்டு நாளாவது அதில் பிளேட் பட்டு இரத்தம் கசியும். சட்டைக் கழுத்தில் கறை. அழகுக்காக அல்ல, இந்தத் தொல்லைக்காகத்தான் அதை எடுத்துவிடத் தீர்மானித்தேன்.

கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். விறைப்பூசி போட்டு, அலகைத் தோலுக்குச் சமாந்தரமாகப் பிடித்துச் சீவி எடுத்து, இரத்தம் நிற்க மின்னூசியால் சுட்டுவிட்டார்கள். மயிர் பொசுங்கும் வாடை. பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. சீவிய துண்டு பஞ்சுத் துணியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. "இதைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரனின் பழக்கம், எதற்கும் ஒரு கேள்வி. "இது சாதாரண மறு, தேவையில்லை" என்றார் வைத்தியர். தாதி அந்தத் துணியைச் சுருட்டி வாளிக்குள் போட்டார். என் கைக்கு வந்தது பணம் கட்டிய பற்றுச்சீட்டு மட்டும்.

காயம் நன்றாகவே ஆறியது. வெளிறிய, வழுவழுப்பான, அரைச் சதம் அளவான ஒரு தழும்பு. ஐந்தாம் மாதம் அந்தத் தழும்பின் நடுவில் ஒரு கபிலக் கீற்று. முதலில் கண்டவர் மனைவி. "என்னப்பா, பழையபடி முளைச்சிட்டுதோ?" என்றார். பழையபடி அல்ல. பழைய மறு ஒழுங்கான வட்டம். ஓரம் தெளிவானது. இது ஒற்றுத்தாளில் விழுந்த மைத்துளியைப் போல ஓரம் கலைந்து, ஓரிடத்தில் கருமையாகவும் ஓரிடத்தில் மங்கலாகவும் இருந்தது.

செய்தி உறவினரிடம் பரவியதும் தொலைபேசி ஓயவில்லை. ரொறன்ரோவில் இருந்து ஒரு குரல், லண்டனில் இருந்து ஒரு குரல். எல்லோரும் சொன்னது ஒன்றே: "மறுவிலை கத்தி வைக்கக் கூடாது எண்டு பழசுகள் சும்மாவா சொன்னது?" கத்தி பட்ட மறு புற்றாகும் என்பது நம்மவரிடம் வேரூன்றிய நம்பிக்கை. இந்தியத் தமிழரிடமும் உண்டு. சிங்கள நண்பர்களும் இதையே சொன்னார்கள்.

இந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒரே வரியில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஏனென்றால், வெட்டியபின் திரும்ப வந்த ஒரு கறுப்புப் புள்ளியால் உயிர் போனவரை நான் அறிவேன்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ஈய எழுத்துக்களைக் கையால் கோத்தார்கள். அச்சுக்கோப்பாளர்கள் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்வார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். என்னைத் தம்பி என்பார். நான் அண்ணை என்பேன். என் கையெழுத்தை வாசிக்கக்கூடிய ஒரே மனிதர். 1980களின் தொடக்கத்தில் அவருடைய வலது குதிக்கால் ஓரத்தில் கறுப்பாக ஒரு தடிப்பு வந்தது. நின்று நின்று வேலை செய்பவருக்குக் காலில் தடிப்பு வந்தால் அது காலாணிதான் என்று எல்லோரும் சொன்னோம். மருந்துக் கடையில் காலாணிப் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினார். பிறகு ஒரு மருத்துவ நிலையத்தில் வெட்டி எடுத்தார்கள். திரும்ப வந்தது. வேறோரிடத்தில் திரும்பவும் வெட்டினார்கள். அதுவும் திரும்ப வந்தது, இம்முறை தழும்பைத் தாண்டி. "தம்பி, இந்த ஆணிக்கு என்னிலை சரியான விருப்பம்" என்று பகிடி சொல்லிக்கொண்டு நொண்டியபடி நின்று எழுத்துக் கோத்தார்.

வெட்டிய இரண்டு முறையும் அந்தத் துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. அரையிடுக்கில் நெறி கட்டி வீங்கிய பிறகுதான் மகரகம ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே முதல் நாளிலேயே மெலனோமா என்று சொல்லிவிட்டார்கள். அது வந்த காலத்தைப் பிறகு கணக்கிட்டுப் பார்த்தோம். இரண்டு வருடத்துக்கு மேல். அவருடைய மரண அறிவித்தலைக் கோத்தவர் அவரிடம் தொழில் பழகிய பையன். அச்சுப்பிழை ஒன்றுகூட இருக்கவில்லை.

அவருடைய வீட்டார் இன்றைக்கும் சொல்வது, கத்தி வைத்ததால்தான் போனார் என்று. நடந்தது அதற்கு நேர்மாறு. கத்தி வைக்கும்போதே அது புற்றாக இருந்தது. வெட்டியது மேலோட்டமாக, உள்ளே எஞ்சியது வளர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவற்றில் முந்தியது பிந்தியதற்குக் காரணம் என்று எண்ணுவது மனித இயல்பு. செய்தி எழுதுகிறவர்களையும் இந்த இயல்பு விட்டுவைப்பதில்லை.

இந்த மயக்கம் நம்மவருக்கு மட்டும் உரியதன்று, புதியதும் அன்று. லண்டனில் 1787ஆம் ஆண்டு ஜோன் ஹண்டர் என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சையாளர், 35 வயதான ஒருவரின் கீழ்த்தாடை மூலைக்குப் பின்னால் இருந்த கட்டியொன்றை அகற்றினார். முன்பே ஒருமுறை எடுக்கப்பட்டு, திரும்ப வளர்ந்த கட்டி அது. உள்ளே மென்மையாகவும் கறுப்பாகவும் இருந்தது. அது என்னவென்று ஹண்டருக்குத் தெரியாது. மெலனோமா என்ற பெயரே அப்போது இல்லை. பிரெஞ்சு மருத்துவர் லயனெக் கறுப்பு என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்து இந்த நோய்க்கு மெலனோசிஸ் என்று பெயரிட்டுப் பேசியது 1804இல். மார்பொலிமானியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஹண்டர் ஒரு காரியம் செய்தார்: விளங்காத அந்தத் துண்டை எறியாமல் குப்பியில் இட்டு வைத்தார். 1793இல் அவர் இறந்தார். அவருடைய சேகரிப்பு லண்டன் அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரிக்குப் போனது. 1941 மே மாதம் ஜெர்மானியக் குண்டு விழுந்து அந்த அரும்பொருட்சாலையில் ஆயிரக்கணக்கான பொருட்கள் அழிந்தன. இந்தக் குப்பி தப்பியது. 1968இல் ஒருவர் அதில் இருந்து மெல்லிய சீவலொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். மெலனோமா. கேள்விக்கும் விடைக்கும் இடையே 181 வருடங்கள்.

என் துண்டு வாளிக்குள் போக எடுத்த நேரம் ஒரு நிமிடம் கூட இராது.

இனி, புற்று அல்லாத மறு ஏன் திரும்ப வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டம் செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெங்காயப் பாத்தியில் கோரை முளைத்தால், மேலே தெரிவதை அரிவாளால் அரிந்துவிட்டுப் போகலாம். பாத்தி துப்புரவாகத்தான் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. பத்தாம் நாள் பச்சை தெரியும். தோலின் மேல்மட்டத்தோடு மறுவைச் சீவினாலும், மின்னால் சுட்டாலும், லேசரால் கருக்கினாலும், உட்தோலில் இறங்கிய கூடுகளும் மயிர்க்கால்களைச் சுற்றியிருக்கும் கலங்களும் எஞ்சக்கூடும். காயம் ஆறும்போது புதுத் தோல் வளர்வதோடு அந்தக் கலங்களும் தூண்டப்படுகின்றன. அவை மேலேறித் தழும்புக்குள் நிறத்தை நிரப்புகின்றன. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இது நடந்துவிடும்.

தொல்லை எங்கே என்றால், தழும்புத் தோலின் கட்டமைப்பு இயல்பான தோலைப் போன்றதன்று. அதில் குடியேறும் கலங்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதில்லை. ஓரம் கலைகிறது, நிறம் திட்டுத் திட்டாகிறது. கண்ணுக்கு மாத்திரமல்ல, நுணுக்குக்காட்டிக்கும் அது புற்றுநோயைப் போலவே வேடம் காட்டும். 1975இல் கோர்ன்பெர்க், அக்கர்மன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்து, 'போலி மெலனோமா' என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டார்கள். போலியையும் அசலையும் பிரிக்க அவர்களுக்குப் பின்வந்தோர் பயன்படுத்தும் குறிப்புகளில் ஒன்று நமக்கும் பயன்படும். போலி, தழும்பின் எல்லைக்குள் அடங்கி நிற்கும். தழும்பைக் கடந்து நல்ல தோலுக்குள் நிறம் நகர்ந்தால் அது அபாய அறிகுறி. அச்சுக்கோப்பாளர் அண்ணையின் காலில் மூன்றாம் முறை வந்தது அப்படித்தான் நகர்ந்தது. இன்னொரு குறிப்பு காலம். போலி விரைவில் வந்து நின்றுவிடும். வருடங்கள் கழித்து வருவதும், வந்தபின் நிற்காமல் வளர்வதும் நல்லதன்று.

எல்லாவற்றிலும் பெரிய குறிப்பு முதல் துண்டு. முதலில் எடுத்தது என்ன என்று தெரிந்தால் பின்னால் வந்தது என்ன என்று சொல்வது எளிது.

இதைத்தான் இரண்டாவது வைத்தியர் கேட்டார். தோல் நோய் நிபுணர், என்னிலும் இருபது வயது இளையவர். தழும்பை ஒரு சிறு உருப்பெருக்கிக் கருவியால் வெகுநேரம் பார்த்துவிட்டு, "முந்தின றிப்போட் எங்கை ஐயா?" என்றார். இல்லை என்றேன். "அனுப்பேல்லையோ?" இல்லை. அவர் முகத்தில் கோபம் தெரிந்தது. ஆனால் தன் தொழில் சகாவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "அப்ப நாங்கள் பழைய கதையைத் தெரியாமலே புதுக் கதையை வாசிக்க வேணும்" என்றார். என் தொழிலில் இருக்க வேண்டிய மனிதர்.

இம்முறை சீவவில்லை. தழும்பையும் சேர்த்துக் கண்ணின் வடிவத்தில், சுற்றிலும் சிறிது நல்ல தோலோடு, அடிக்கொழுப்பு வரை வெட்டி எடுத்துத் தைத்தார். பரிசோதனைப் படிவத்தில் அவர் எழுதியதைக் கவனித்தேன். ஐந்து மாதத்துக்கு முன் இதே இடத்தில் மறு சீவி எடுக்கப்பட்டது, முதல் துண்டு பரிசோதிக்கப்படவில்லை. இந்த இரண்டு வரியும் இல்லாமல் போனால், ஆய்வுகூடத்தில் இருப்பவர் போலியை அசல் என்று படித்துவிட இடமுண்டு என்று விளக்கினார். போர்மலின் ஊற்றிய குப்பியை என் கையிலேயே தந்தார்கள். மூடியில் என் பெயர், திகதி, 'இடது தாடை' என்ற குறிப்பு. அதை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஆய்வுகூடத்துக்குப் போனேன். வெள்ளவத்தையில் சமிக்ஞை விளக்குக்கு நின்றபோது குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். என் உடம்பின் ஒரு பகுதி, ஒரு புளியங்கொட்டையிலும் சிறிதாக, வெளிறிப்போய் அடியில் கிடந்தது.

முடிவு வர 11 நாட்கள். அந்த 11 நாட்களைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. பகலில் வேலை செய்தேன். இரவில் காலாணி அண்ணையின் நொண்டல் காதில் கேட்டது. ஒன்பதாம் நாள் ஆய்வுகூடத்தில் இருந்து ஓர் அழைப்பு: முதல் சிகிச்சையின் கண்ணாடித் தட்டுகளோ மெழுகுக் கட்டியோ எங்கேயாவது இருக்கிறதா என்று நோயியல் நிபுணர் கேட்கிறாராம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். வாளிக்குள் போன கதையைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு சிறு மௌனம். "சரி ஐயா, இன்னும் சில சாயங்கள் போட்டுப் பார்க்கிறோம்."

அறிக்கை ஆங்கிலத்தில் முக்கால் பக்கம். அதன் சாரம்: தழும்புக்கு மேலே ஒழுங்கற்ற மெலனின் கலங்கள், தழும்புக்குக் கீழே பழைய சாதுவான மறுவின் எச்சம், தழும்பை மீறிய பரவல் இல்லை, வெட்டு விளிம்புகள் சுத்தம். திரும்ப வந்த மறு, புற்று அன்று. கீழே கிடந்த அந்தப் பழைய எச்சம்தான் என்னைக் காப்பாற்றிய சாட்சி. அதுவும் இல்லாதிருந்தால் நிபுணர் என்ன எழுதியிருப்பார் என்று வைத்தியரிடம் கேட்டேன். "எழுதக் கஷ்டப்பட்டிருப்பார்" என்றார்.

இதை வாசிக்கும் நம்மவர்களுக்குச் சொல்லவேண்டிய இன்னொன்று இருக்கிறது. மறு மாறுவதைக் கவனிக்க மேல்நாட்டு மருத்துவர்கள் ஐந்து அடையாளங்களைச் சொல்வார்கள். இரு பாதிகளும் பொருந்தாமை, கலைந்த ஓரம், பல நிறம், 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலம் ஆகிய நான்கும் 1985இல் நியூயோர்க் மருத்துவர்கள் வகுத்தவை. மாறிக்கொண்டே இருத்தல் என்ற ஐந்தாவது 2004இல் சேர்ந்தது. நல்ல அளவுகோல்தான். ஆனால் அதற்குக் காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். வெயிலில் சிவந்த முதுகு, கால்கள். நமது நிறத் தோலில் மெலனோமா மிக அரிது. வரும்போது அது வெயில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. வெறுங்காலோடு நடந்து, முள் குத்தி, கல் தட்டிப் பழகிய நமக்கு அங்கே ஒரு கறுப்பு வந்தால் பழைய முள் என்றோ காலாணி என்றோ இரத்தக்கட்டு என்றோதான் தோன்றும்.

ஜமெய்க்காப் பாடகர் பொப் மார்லிக்கும் இதுதான் நடந்தது. கால் பெருவிரல் நகத்தடியில் இருந்தது காற்பந்தில் பட்ட காயம் என்று கருதப்பட்டது. 1977இல் மெலனோமா என்று கண்டார்கள். விரலை எடுத்துவிடும் ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. நகமும் நகப்படுகையும் மட்டும் அகற்றப்பட்டன. 1981 மே 11ஆம் திகதி மியாமியில் இறந்தபோது அவருக்கு 36 வயது. உலகம் அறிந்த மனிதருக்கே அப்படி. ஈய எழுத்துக் கோத்த அண்ணைக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

நேரத்தோடு கண்டால் இந்தக் கதையே வேறு. 1970இல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் நிபுணர், மெலனோமாவின் தலைவிதியைத் தீர்மானிப்பது அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே என்று அளந்து காட்டினார். 1 மில்லிமீற்றருக்கும் குறைந்த ஆழத்தில் பிடிபட்டால் பெரும்பாலோர் வெட்டி எடுப்பதோடு பிழைத்துக்கொள்கிறார்கள். நமது பெரியவர்கள் பயந்த அதே கத்திதான் மருந்து.

ஆனால் இன்று கத்தியைவிட எனக்குப் பயம் தருவது வேறு. கலியாண எழுத்து வைக்கிறதுக்கு முதல் மாதம் பெண்பிள்ளைகளை அழகுநிலையத்துக்குக் கூட்டிப் போய்க் கன்னத்து மறுவை லேசரால் எடுப்பது கொழும்பிலும் நடக்கிறது, யாழ்ப்பாணத்திலும் நடக்கிறது, சென்னையிலும் லண்டனிலும் நடக்கிறது. லேசர் மேலே தெரியும் கறுப்பைக் கருக்கிவிடும். பரிசோதிக்க ஒரு துண்டும் மிஞ்சாது. வீட்டு வைத்தியம் இன்னும் மோசம். வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து மறுவில் அப்புவது, மரமுந்திரிகைக் கொட்டையின் எண்ணெயைத் தொட்டு வைப்பது, தலைமயிரால் இறுக்கிக் கட்டுவது. அதே சுண்ணாம்பு வேலையை அழகான டப்பாவில் அடைத்து இணையத்தில் விற்கிறார்கள். கறுப்புக் களிம்பு என்று அமெரிக்காவில் இருந்து வரும் ஒன்று தோலை அரித்துப் பொருக்காக்கி உதிர்க்கும். மேலே தோல் மூடிக்கொள்ள, அடியில் புற்று இருந்தால் அது பாட்டுக்கு வளரும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது.

எங்கள் வார மலரில் ஒரு காலத்தில் மச்ச பலன் பகுதி போட்டோம். சோதிடருக்கு வந்த கடிதம் ஒன்று நினைவிருக்கிறது. கன்னத்தில் மறு இருந்தால் செல்வம் சேரும் என்று எழுதியிருந்தீர்கள், நான் போன மாதம்தான் அதை எடுத்துவிட்டேன், செல்வம் போய்விடுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சோதிடர் சாமர்த்தியசாலி. மறு போனாலும் மறு இருந்த இடம் போகாது, பலன் குறையாது என்று பதில் எழுதினார். மறு இருந்த இடத்தைப் பற்றி அவர் சொன்னது மருத்துவத்துக்கும் பொருந்துமென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இடம்பெயர்ந்து பழகிய நம்மவர் வீடுகளில், எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓட ஆயத்தமாக ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு. 1995இல் வலிகாமத்தில் இருந்து சனம் வெளியேறிய அந்த இரவில் அரிசியை விட்டுவிட்டு அந்தப் பையோடு வந்தவர்கள் உண்டு. எங்கள் வீட்டுப் பையில் இப்போது அந்த முக்கால் பக்க அறிக்கையும் இருக்கிறது. மேல் மூலையில் ஆய்வுகூட இலக்கம். அந்த இலக்கத்தைச் சொன்னால் மெழுகுக் கட்டியை எடுத்துத் தருவார்கள் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் தழும்பை அளந்து, படம் பிடித்து, பழைய படத்தோடு வைத்துப் பார்க்கிறார். கடைசியாகப் போனபோது சப்பாத்தையும் கழற்றச் சொன்னார். உள்ளங்கால் இரண்டையும், விரல் இடுக்குகளையும், நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடது குதிக்காலில் ஒரு தடிப்பு இருந்தது. அதைச் சிறிது சுரண்டி, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது காலாணிதான் ஐயா" என்றார்.